சீரி ஆ பற்றி வாதாட வருகிறீர்களா? அணியின் பலத்தையும் இளம் மிட்ஃபீல்டரையும் எடைபோடும் வழி

2024-25 சீசன் முடிந்தபோது இத்தாலியின் முதல் மட்டக் கால்பந்து லீக்கான சீரி ஆ-வின் பட்டியலில் நாப்போலிக்கு 82 புள்ளி, இன்டருக்கு 81, மூன்றாவதாக வந்த அட்டலாண்டாவுக்கு 74. இப்போது கோல் கணக்கைப் பாருங்கள். இன்டர் போட்டது 79, அட்டலாண்டா 78, சாம்பியனான நாப்போலி 59. ஆனால் நாப்போலி வாங்கிய கோல் 27தான். இதில் எது பலமான அணி? “கப் யார் கையில் இருக்கோ அவங்கதான்” என்பார் ஒருவர். “இன்டர் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை போச்சே” என்று இன்னொருவர் மடக்குவார். அந்த ஃபைனலில் பாரிஸ் அணியிடம் 5-0 என்று வாங்கிக்கொண்டு வந்ததை மூன்றாமவர் ஞாபகப்படுத்துவார். அப்புறம் விடிய விடியப் பேச்சு ஓடும்.

இத்தாலிய லீக்கை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர் இந்தப் பேச்சுக்குள் நுழைந்தால் பெயர்களிலேயே தொலைந்துபோவார். அதனால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று மட்டும் இங்கே சொல்கிறேன். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இத்தாலியில் ஓர் அணியின் பலம், அதன் பயிற்சியாளரும் நடுக்களமும் எவ்வளவு பொருந்திப்போகிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. இளம் மிட்ஃபீல்டரை மதிப்பிடும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும். பையன் எந்த வேலை செய்கிறான், யாருக்குக் கீழே செய்கிறான்?

1. புள்ளிப் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 மேட்ச். கடைசி மூன்று அணிகள் இரண்டாம் மட்டமான சீரி பி-க்கு இறங்கிவிடும். முதல் நான்கு அணிகள் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போகும். ஒரு சீசனில் இத்தாலிய அணிகள் ஐரோப்பாவில் நன்றாக ஆடியிருந்தால் ஐந்தாவது அணிக்கும் இடம் கிடைப்பதுண்டு. 2023-24இல் ஐந்தாவதாக வந்த போலோன்யா அப்படித்தான் உள்ளே போனது. இரண்டு அணிகள் சம புள்ளியில் முடித்தால் இங்கே முதலில் பார்ப்பது அவை நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களை. கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். பட்டத்துக்கே இரண்டு அணிகள் சமமாக வந்தால் 2022-23 முதல் தனியாக ஒரு ஆட்டம் வைப்பது விதி. இங்கிலாந்து லீக்கைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பட்டியலில் தெரியும் எண்ணும் மைதானத்தில் எடுத்த புள்ளியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2022-23இல் யுவெண்டஸ் 62 புள்ளியோடு ஏழாவது இடம். “அந்த வருஷம் யுவே படு மோசம்” என்று யாராவது சொன்னால் சட்டென்று தலையாட்டாதீர்கள். வீரர்களை வாங்கி விற்ற கணக்கு தொடர்பான வழக்கில் அவர்களுக்கு 10 புள்ளி வெட்டப்பட்டது. மைதானத்தில் எடுத்தது 72. அதே சீசனில் இன்டர் மூன்றாவதாக வந்ததும் அதே 72இல்தான்.

எக்ஸ்ஜி என்ற கணக்கையும் பார்க்கலாம். ஒரு ஷாட் எங்கிருந்து, எப்படி அடிக்கப்பட்டது என்பதை வைத்து அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டுக் கூட்டுவது அது. பத்து ஆட்டங்களுக்குமேல் சேர்த்துப் பார்த்தால் உபயோகம். ஒரே ஒரு ஆட்டத்தின் எக்ஸ்ஜியைக் காட்டி வாதாடுபவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. அணிக்கு எத்தனை ஆட்டம் இருந்தது?

பலரும் விட்டுவிடும் விஷயம் இது. 2024-25இல் நாப்போலிக்கு ஐரோப்பியப் போட்டியே கிடையாது. வாரம் முழுக்கப் பயிற்சி, வார இறுதியில் ஒரு ஆட்டம். இன்டரோ மே 31 வரை சாம்பியன்ஸ் லீக்கில் ஓடிக்கொண்டிருந்தது. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

இதில் சுவாரசியமான ஆள் நாப்போலியின் பயிற்சியாளராக இருந்த அன்டோனியோ கோன்டே. 2011-12இல் யுவெண்டஸோடு பட்டம் வென்றபோது அந்த அணிக்கு ஐரோப்பிய ஆட்டம் இல்லை. 2016-17இல் செல்சியோடு வென்றபோதும் இல்லை. 2024-25இல் நாப்போலியிலும் இல்லை. இதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை, அந்த நிலைமையைப் பயன்படுத்தத் தெரிவதும் திறமைதான். ஆனால் அடுத்த சீசனில் அதே அணி வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் அதன் பலத்தைச் சொல்ல முடியாது.

3. பயிற்சியாளர் மாறினால் கணக்கே மாறும்

2022-23இல் லூச்சானோ ஸ்பல்லேட்டியின் நாப்போலி 90 புள்ளி எடுத்து, இரண்டாவதாக வந்த லாசியோவை 16 புள்ளியில் பின்னால் தள்ளியது. கோடையில் ஸ்பல்லேட்டி விலகினார், டிஃபென்ஸின் தூணாக இருந்த கிம் மின்-ஜே பாயர்ன் போனார். ஒசிம்ஹென், க்வாரட்ஸ்கேலியா, லோபோட்கா, அங்கிஸ்ஸா, ஜியெலின்ஸ்கி எல்லாரும் இருந்தார்கள். அடுத்த சீசனில் கார்சியா, மஸ்ஸாரி, கல்சோனா என்று மூன்று பயிற்சியாளர்கள். கடைசியில் 53 புள்ளி, பத்தாவது இடம். ஏறக்குறைய அதே ஆட்கள், 37 புள்ளி காணோம்.

தலைகீழ் உதாரணம் ரோமா. 2024-25இல் பயிற்சியாளர் டி ரோஸ்ஸியை செப்டம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். யூரிச் வந்து அவரும் நவம்பரில் போனார். 12 ஆட்டத்தில் 13 புள்ளியோடு பன்னிரண்டாவது இடத்தில் கிடந்த அணியை, ஓய்வு பெற்றிருந்த கிளாவ்டியோ ரனியேரி வந்து ஐந்தாவது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஆளும் அதே, ஜெர்சியும் அதே.

பயிற்சியாளர் அணியோடு பொருந்துவது என்பதற்கு தியாகோ மோட்டாவின் கதையும் இருக்கிறது. போலோன்யாவை 68 புள்ளிக்குக் கொண்டுபோனவர் அடுத்த ஆண்டு யுவெண்டஸுக்குப் போனார், 2025 மார்ச்சில் வேலையை இழந்தார். அவர் விட்டுப்போன போலோன்யாவோ கலாஃபியோரியையும் சிர்க்ஸேயையும் விற்றுவிட்டு, புதுப் பயிற்சியாளர் இத்தாலியானோவோடு இத்தாலியக் கோப்பையான கோப்பா இத்தாலியாவை வென்றது. அந்த ஊருக்கு 1974க்குப் பிறகு கிடைத்த பெரிய கப் அதுதான். ஆக, “போன வருஷம் அவர் கலக்கினாரே” என்பது பாதி வாதம். எந்த வீரர்களோடு, எந்த அமைப்பில் கலக்கினார் என்பது மீதிப் பாதி.

4. நடுக்களத்தில் யாருக்கு என்ன வேலை

இத்தாலியில் ‘மிட்ஃபீல்டர்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. குறைந்தது நான்கு வேலைகள் உண்டு. இவற்றின் பெயர் தெரியாமல் இளம் வீரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

டிஃபென்ஸுக்கு நேர் முன்னால் நின்று, பந்தை வாங்கி, ஆட்டம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தீர்மானிப்பவர் ரெஜிஸ்தா. பிர்லோ இந்த வேலைக்கே அடையாளமான ஆள். மூவர் நடுக்களத்தில் இரு பக்கமும் ஓடி, பின்னால் உதவி, முன்னால் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள்ளும் போய் கோல் தேடுபவர் மெட்சாலா. இன்டரின் பரெல்லா நல்ல உதாரணம். பந்தைப் பறிப்பதே முதல் கடமை என்று இருப்பவர் மெதியானோ, பழைய மிலானின் கட்டூஸோ போல. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இடைவெளி தேடி ஆடுபவர் த்ரெக்வர்திஸ்தா.

வேலை மாறும்போது வீரரே வேறு ஆளாகிவிடுவார். பிர்லோ தொடக்கத்தில் த்ரெக்வர்திஸ்தாதான். இன்டர் வாங்கியது, சரியாக இடம் கொடுக்கவில்லை. 2001இல் லோனில், அதாவது தற்காலிகமாக, ப்ரெஷாவுக்கு வந்தபோது அங்கே அந்த இடத்தில் ராபெர்ட்டோ பாஜோ நின்றிருந்தார். பயிற்சியாளர் கார்லோ மஸ்ஸோனே பையனைப் பின்னால் இழுத்து டிஃபென்ஸுக்கு முன் நிறுத்தினார். அதற்குப் பிறகு மிலான், 2006 உலகக் கோப்பை, யுவெண்டஸ் என்று நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சல்ஹனோலுவும் அப்படித்தான். 2022 இலையுதிர் காலத்தில் ப்ரோசோவிச் காயப்பட்டதால் இன்டர் அவரைப் பின்னால் நிறுத்தியது, அங்கேயே அவர் லீக்கின் சிறந்த ரெஜிஸ்தாவாகிவிட்டார். எதிர்த்திசைக்கு மெக்டோமினே. மான்செஸ்டர் யுனைடெட்டில் இங்கும் அங்கும் நிறுத்தப்பட்ட அவரை நாப்போலியில் கோன்டே பெட்டிக்குள் ஓடவிட்டார். லீக்கில் 12 கோல், சீசனின் சிறந்த வீரர் விருது.

அடுத்த ஆட்டத்தை இப்படிப் பாருங்கள்: முதல் இருபது நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு மிட்ஃபீல்டரை மட்டும் கவனியுங்கள். டிஃபெண்டரிடமிருந்து பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாரா? முதல் தொடுதல் முன்பக்கம் போகிறதா, பின்னால் போகிறதா? எதிரணி ஆள் ஒருவர் நிழல்போல ஒட்டிக்கொண்டால் என்ன செய்கிறார்? இத்தாலியில் கடைசிக் கேள்வி முக்கியம். பயிற்சியாளர் கஸ்பெரினி 2016 முதல் 2025 வரை அட்டலாண்டாவில் மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் பிடிக்கும் ஆட்டத்தை வேரூன்ற வைத்தார். யூரிச் போன்ற அவர் வழிவந்தவர்களும் அதையே செய்கிறார்கள். மற்ற லீக்குகளில் பந்தோடு சாவகாசமாகத் திரும்பிப் பழகியவர் இங்கே வந்தவுடன் மூச்சுத் திணறுவது இதனால்தான். நல்ல ரெஜிஸ்தா அப்போது தானே ஒதுங்கிப்போய், தன்னைப் பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு, நடுவில் சென்டர் பேக்குக்கு வழி திறந்துவிடுவார். அவருக்கு அந்த நேரத்தில் ஒரு பாஸ்கூடக் கணக்கில் சேராது. புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

5. இளம் மிட்ஃபீல்டரை எடைபோடுவது

முதலில் நிமிடங்களைப் பாருங்கள். ஒரு சீசன் முழுக்க எல்லா ஆட்டமும் ஆடினால் 3,420 நிமிடம். 900 நிமிடத்துக்குக் கீழே ஆடிய பையனின் ‘90 நிமிடத்துக்கு இத்தனை’ என்ற கணக்குகளை நான் மதிப்பதில்லை. 80ஆவது நிமிடத்தில் களைத்துப்போன எதிரணிக்கு முன்னால் இறங்கியவனுக்கு எண்கள் அழகாகத்தான் வரும்.

அடுத்து, எந்த மட்டத்தில் ஆடினான்? ப்ரிமவேரா என்பது கிளப்புகளின் இளைஞர் லீக். அங்கே கலக்குவது நல்ல அறிகுறி, அதற்குமேல் ஒன்றும் சொல்லமுடியாது. யுவெண்டஸ் 2018 முதல் மூன்றாம் மட்டமான சீரி சி-யில் தன் இரண்டாவது அணியை ஆடவிடுகிறது. ஃபஜோலி, மிரெட்டி, யில்டிஸ் எல்லாரும் அதன் வழியாக வந்தவர்கள். அட்டலாண்டா 2023இல் அதே பாதையில் இறங்கியது, மிலான் 2024இல். மிலானின் இரண்டாவது அணி முதல் சீசனிலேயே நான்காம் மட்டமான சீரி டி-க்கு இறங்கியது வேறு கதை. முப்பது வயது டிஃபெண்டர் முழங்கையால் இடிக்கும் சீரி சி ஆட்டத்தில் ஆடிய ஆயிரம் நிமிடம், ப்ரிமவேராவின் இரண்டாயிரத்தைவிட எனக்குப் பெரிது.

சீரி பி-யும் அப்படித்தான். பரெல்லா 2016இல் காலியாரியிலிருந்து லோனில் போனது அந்த ஆண்டு சீரி பி-யின் அடிமட்டத்தில் தவித்த கோமோவுக்கு. டோனாலி ப்ரெஷாவோடு சீரி பி-யிலிருந்து மேலே வந்தவர். வெராட்டி 2011-12இல் பயிற்சியாளர் ஸேமனின் பெஸ்காராவில் இம்மோபிலே, இன்சின்யேயோடு சீரி பி பட்டம் வென்றார். அங்கேதான் ஸேமன் அவரையும் ரெஜிஸ்தாவாக்கினார். அந்தக் கோடையிலேயே பாரிஸ் வாங்கிப் போய்விட்டது. இத்தாலிய நடுக்களத்தில் அந்தத் தலைமுறையின் சிறந்த ஆள் ஒருவர் சீரி ஆ-வில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இத்தாலிய ரசிகர்களுக்கு இது இன்றும் ஆறாத புண்.

எம்போலி என்ற சின்ன கிளப்பைத் தனியாகக் கவனியுங்கள். ரிச்சி, அஸ்லானி, பல்டன்சி, ஃபஸ்ஸீனி என்று வரிசையாக மிட்ஃபீல்டர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். 2025இல் அந்த அணி சீரி பி-க்கு இறங்கியது. ஆனாலும் அங்கே பதினெட்டு வயதில் முதல் அணியில் இடம் பிடித்தவனின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வது வீண்போகாது.

மூன்றாவது, ஒரே ஒரு கோலை வைத்து முடிவுகட்டாதீர்கள். 2016 அக்டோபரில் பதினெட்டு வயது லொகடெல்லி யுவெண்டஸுக்கு எதிராக மேல் மூலையில் அடித்த கோலால் மிலான் 1-0 என்று வென்றது. மறுநாளே பையனை வானத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு ஆண்டில் மிலான் அவரை சஸ்ஸுவோலோவுக்கு அனுப்பிவிட்டது. அங்கே பயிற்சியாளர் டி செர்பியின் கீழ் நிதானமாக வளர்ந்து, 2021இல் யூரோ கோப்பை வென்ற இத்தாலிய அணியில் இடம்பிடித்து, பிறகு யுவெண்டஸுக்குப் போனார். அன்று வானத்தில் ஏற்றியவர்களும் தப்பு, பிறகு குப்பையில் போட்டவர்களும் தப்பு.

இளைஞர் போட்டிகளும் அப்படித்தான். 2023இல் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் செசாரே கசாதெயி 7 கோல் போட்டு சிறந்த வீரர் விருதும் வாங்கினார். அப்போதே அவர் செல்சி கையில் இருந்தார். அதற்குப் பிறகு லோன், பெஞ்ச் என்று ஓடி, நிலையாக ஆட இடம் கிடைத்தது 2025 பிப்ரவரியில் டோரினோவுக்கு வந்த பிறகுதான்.

நான்காவது, அமைப்பின் பளபளப்பைக் கழித்துப் பாருங்கள். 2016-17இல் கஸ்பெரினியின் அட்டலாண்டாவில் அரை சீசன் ஆடியதுமே கல்யார்தினியை இன்டர் தூக்கிப்போனது. மோசம் என்று சொல்லமுடியாது, ஆனால் அந்த அரை சீசன் காட்டிய ஆளாக அவர் ஆகவே இல்லை. அதே அணியிலிருந்து அந்த சீசன் முடிந்ததும் மிலான் போன கெஸ்ஸியே 2022இல் ஸ்கூடெட்டோ, அதாவது லீக் பட்டம், வென்ற அணியின் நடுவில் நின்றார். ஆகவே ‘அட்டலாண்டா ஆளா, வேண்டாம்’ என்ற சூத்திரமும் தப்பு. ஆளுக்கு ஆள் ஓடும் ஆட்டம் இல்லாதபோது இவன் என்ன செய்வான் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கேட்கவேண்டும்.

ஐந்தாவதாக, புது கிளப்பில் முதல் சீசனைப் பார்த்துத் தீர்ப்பு எழுதவேண்டாம். டோனாலியை ‘புதிய பிர்லோ’ என்றார்கள். ப்ரெஷாவும் நீளமான தலைமுடியும் தவிர இருவருக்கும் ஒற்றுமை குறைவு. ஆட்டத்தில் அவர் கட்டூஸோ பக்கம்தான் சாய்வார். 2020-21இல் மிலானில் தடுமாறினார், பலர் கைகழுவினார்கள். அடுத்த சீசனில் பட்டப் போட்டி உச்சத்தில் இருந்தபோது வெரோனாவில் இரண்டு கோல் போட்டார், மிலான் சாம்பியன்.

இந்த அளவுகோல்களோடு நிகோ பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் பிறந்தவர், ரியால் மாட்ரிட்டில் வளர்ந்தவர், 21 ஆண்டு கழித்து சீரி ஆ-வுக்குத் திரும்பிய கோமோவுக்கு 2024இல் வந்தார். பயிற்சியாளர் ஃபாப்ரெகாஸின் அந்த அணி பத்தாவது இடம் பிடித்தது, 23 வயதுக்குட்பட்டோரில் சிறந்தவர் விருது இவருக்கு. நிமிடங்கள் நிறைய, மட்டம் உயர்ந்தது, வேலை தெளிவு: த்ரெக்வர்திஸ்தா. வாதம் எங்கே இருக்கிறது என்றால், பந்தை எப்போதும் தன் வழியாக ஓடவிடும் ஒரு பயிற்சியாளருக்குக் கீழே மலர்ந்தவர், 3-5-2 (மூன்று டிஃபெண்டர், ஐந்து மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) ஆடும் பெரிய அணிக்குப் போனால் எங்கே நிற்பார்? மெட்சாலாவாக அவ்வளவு தூரம் பின்னால் ஓடுவாரா? இதற்குப் பதில் சொல்ல முயல்வதுதான் நல்ல வாக்குவாதம். “செம பிளேயர்டா” என்பது ரசிப்பு, அதற்கும் இடமுண்டு, ஆனால் அது வேறு.

6. பணப் பக்கம், சுருக்கமாக

இத்தாலியச் செய்திகளில் ‘லோன்’ என்று வந்தால் அது எந்த லோன் என்று பாருங்கள். வாங்க விருப்பமிருந்தால் வாங்கலாம் என்பது ஒன்று, கட்டாயம் வாங்கியே ஆகவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது உண்மையில் தவணையில் வாங்கும் வாங்கல்தான். இன்னொன்று, சொந்த இளைஞர் அணியில் வளர்ந்தவரை விற்றால் வரும் பணம் ஏறக்குறைய முழுவதும் கணக்கில் லாபமாக நிற்கும். நல்ல பையனை ஏன் விற்றார்கள் என்று திகைப்பவர்களுக்கு விடை பல சமயம் அங்கேதான்.

7. வாயைத் திறக்கும்போது

“மச்சான், நாப்போலி சும்மா லக்குல ஜெயிச்சிடுச்சு” என்று நண்பர் ஆரம்பித்தால் உடனே கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: “38 மேட்ச்ல 27 கோல் மட்டும் வாங்கினது லக்கா?” அவர் ஐரோப்பிய ஆட்டம் இல்லாததைச் சொன்னால் அது நல்ல பதில், ஒத்துக்கொள்ளுங்கள். பேச்சு அங்கிருந்துதான் ருசிக்கும். பழைய ஆட்கள் தொண்ணூறுகளின் ‘ஏழு சகோதரிகள்’ கதையை எடுப்பார்கள்: யுவெண்டஸ், மிலான், இன்டர், ரோமா, லாசியோ, பார்மா, ஃபியோரென்டினா. கேளுங்கள், அருமையான கதை. ஆனால் 2020 முதல் 2025 வரை ஆறு சீசனில் நான்கு வெவ்வேறு கிளப்புகள் பட்டம் வென்றதையும் பதிலுக்கு வைக்கலாம்.

ஃப்ராட்டெஸியைப் போன்ற பெயரில் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் பேசிப்பாருங்கள். சஸ்ஸுவோலோவில் கோல் போடும் மெட்சாலா. இன்டரில் பரெல்லாவுக்கும் மிகிதாரியனுக்கும் பின்னால் பெஞ்ச். ஆனால் 2025 மே மாதம் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அவருடையது. அவர் தொடக்கப் பதினொருவரில் இருக்கவேண்டியவரா, மாற்றாக இறங்கும்போதுதான் ஆபத்தானவரா? நான் இரண்டாவது கட்சி.

பார்க்கும் நேரம்: இத்தாலியில் ராத்திரி 8.45 ஆட்டம் என்றால் இந்திய, இலங்கை நேரப்படி குளிர்காலத்தில் 1.15, மற்ற மாதங்களில் 12.15. தூக்கம் முக்கியம் என்றால் ஞாயிறு மதிய ஆட்டங்கள் சாயங்காலம் நமக்கு வசதியாக வரும். சின்ன அணிகளின் இளம் மிட்ஃபீல்டர்களைப் பார்க்க அதுதான் நல்ல நேரமும்கூட. ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆட்டம் பாருங்கள்: பின்னால் ஒடுங்கி நிற்கும் அணிக்கு எதிராக ஒன்று, ஆளுக்கு ஆள் பிடிக்கும் அணிக்கு எதிராக ஒன்று, பெரிய அணியின் ஊரில் ஒன்று. மூன்றிலும் அவன் பந்தைக் கேட்டு வாங்கினானா என்று குறித்துக்கொண்டு, அப்புறம் வாதத்துக்கு வாருங்கள்.